கரியில் ஓடிய ராவுத்தர் கார்

காளப்பநாயக்கன்பட்டியில் கார்ப் பட்டறைக்காகப் பாறையை உடைத்து, வண்டிக்கு அடியில் இறங்கி நின்று வேலை பார்க்கிற குழியை வெட்டியவன் நான். அந்தப் பட்டறைக்கு மண்ணெண்ணெய்த் தகரங்களை விரித்து அடித்துக் கூரை போட்டவன் நான். வேங்கைக் கழிகளைக் கூம்பாகக் கட்டி, கிணற்றுக் கப்பியைத் தொங்கவிட்டு, எஞ்சினை அலுங்காமல் தூக்கி இறக்கியவன் நான். கடைசியாக, ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன தார் டிரம்மில் கரிவாயு அடுப்பு செய்து, அதைக் காரின் முதுகில் கட்டி, சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் நாமக்கல் வரைக்கும் ஓட வைத்தவனும் நான்தான். இத்தனைக்கும் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். கொல்லிமலையில், பல ஊர் சேர்ந்த ஆலத்தூர் நாட்டில் சாமையும் தினையும் விதைக்கிற குடும்பம். மலையில் அந்தக் காலத்தில் வண்டிப் பாதையே கிடையாது. கீழே இறங்கி வரும்வரை நான் சக்கரம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. சக்கரம் பார்க்காதவன் கார் மெக்கானிக் ஆனான் என்றால் சும்மா ஆகிவிடவில்லை.

மோட்டார் தொழிலாளர் சங்கத்துப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் காருக்கு என்னென்ன கோளாறு வரும், எப்படிச் சரி பார்த்தீர்கள் என்று சுருக்கமாக எழுதினால் போதும் என்றார்கள். சுருக்கம் எனக்கு வராது. எழுதியதை வெட்டாமல் போடுவதாக இருந்தால் போடட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. மிளகு மூட்டையைத் தலையில் சுமந்து காதர் ராவுத்தர் கடைக்கு இறக்க வந்தேன். கடைக்குப் பக்கத்தில் அவருடைய வாடகைக் கார் வாயைத் திறந்து நின்றிருந்தது. ராவுத்தர் கொழும்பில் மோட்டார் ஷெட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். மிளகு வியாபாரத்தில் வந்த காசில் கார் வாங்கி, அதைச் சரிபார்க்க ஆள் இல்லாமல் தாமே பட்டறையும் வைத்திருந்தார். நான் மூட்டையை இறக்கிவிட்டு எஞ்சினைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மற்றவர்கள் மலை ஏறிப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அவ்வளவுதான். பிறகு துடைத்தேன், பிடித்தேன், முடுக்கினேன், அடி வாங்கவில்லை என்றாலும் டிரைவரிடம் ஏச்சு வாங்கினேன். கொஞ்ச காலத்தில் அந்தக் கார் என் கைக்கு வந்துவிட்டது.

ராவுத்தரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பட்டறையிலும் முழுக்கை வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். வண்டி பழுதாகி வந்தால் உடனே எஞ்சின் மூடியைத் திறக்கக் கூடாது என்பது அவர் சட்டம். வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, மூடியைத் தொடாமல் சுற்றி வர வேண்டும். ஓடவிட்டுக் காது கொடுக்க வேண்டும். புகையை மோந்து பார்க்க வேண்டும். எண்ணெய்க் கோலை உருவி, விரலில் தேய்த்து, வழவழ என்று இருக்கிறதா, மணல்போல் நறநறக்கிறதா என்று சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கேட்பார்:

"வெள்ளையா, என்ன கோளாறு? சொல்லிட்டுத் தொறந்து பாரு."

சொன்னது தப்பாக இருந்தால் திட்ட மாட்டார். மூடியை அவரே மெதுவாகச் சாத்திவிட்டு, "இன்னொருக்கா சுத்தி வா" என்பார். அந்த மாதிரி சுற்றி வந்ததில் நான் நடந்த தூரத்துக்குக் கொல்லிமலையைப் பல தடவை ஏறி இறங்கியிருக்கலாம்.

அந்தக் காலத்துக் கோளாறுகள் பெரும்பாலும் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் மாதிரி, முகம் தெரிந்தவை. ரேடியேட்டர் கொதிக்கும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பேறியது, உள்ளே சுண்ணாம்புபோலப் படிந்துவிடும். புளியைக் கரைத்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, வடித்துவிட்டு, நல்ல தண்ணீரால் அலசினால் ரேடியேட்டர் திரும்ப மூச்சு விடும். பேட்டரிக்கு மழைத் தண்ணீரைக் கண்ணாடிச் சாடியில் பிடித்து வைத்திருப்பேன். பிளக்கில் கரி பிடித்தால் சுரண்டுவது, பாயிண்டை எமரித் தாள் வைத்து மினுக்குவது, பட்டைக்குப் பட்டை விளக்கெண்ணெய் விட்டு ஸ்பிரிங்கின் முனகலை அடக்குவது, பிரேக் கம்பிகளை நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிக்கும்படி முறுக்குவது, வால்வைக் கழற்றி எமரித் தூளும் எண்ணெயும் குழைத்துத் தேய்த்து உட்கார வைப்பது, இதெல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். கழற்றிய போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் பரப்புவேன். டிரைவர் ரங்கசாமி அதைப் பார்த்து, "என்ன வெள்ளையா, பந்தி போட்டிருக்கியா, எலை எங்க?" என்பான். அவன் வாய் சும்மா இருக்காது. ஆனால் நல்ல டிரைவர். கியர் மாற்றுவது காதில் விழாது.

பிறகு இரண்டாம் உலகச் சண்டை வந்தது. பெட்ரோல் கூப்பனுக்குப் போனது. கூப்பனிலும் போதாமல் கார் பட்டறைக்குள் தூசி படிந்து நின்றது. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் கட்டை வண்டியில் போனார்கள். ராவுத்தர் காரைக் கடந்து போகும்போதெல்லாம் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்.

சேலத்தில் பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பு வைத்து ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு தடவை போய் நின்று பார்த்தேன். பார்த்தது போதும். கரியை முழுதாக எரியவிடாமல், காற்றை அளந்து விட்டால் எரிகிற வாயு கிளம்பும். அதைக் குழாயில் ஆறவிட்டு, தூசி வடிகட்டி, எஞ்சினுக்குள் இழுக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். தார் டிரம்மை எடுத்தேன். அடியில் சல்லடைத் தட்டு. பக்கத்தில் காற்றுக் குழல். மேலே கரி போடுகிற மூடி, அதன் விளிம்புக்குத் தேங்காய் நார்க் கயிற்றைக் களிமண்ணில் தோய்த்துச் சுற்றினேன். வாயு ஆறுவதற்குப் பழைய தண்ணீர்க் குழாய்கள். வடிகட்ட நாரும் காடாத் துணியும். ஊதுவதற்குக் கையால் சுற்றும் காற்றாடி ஒன்றைக் கொல்லன் உலையிலிருந்து வாங்கி மாட்டினேன்.

முதல் நாள் அரை மணி ஊதின பிறகு குழாய் வாயில் நெருப்பைக் காட்டினேன். நீலமாகப் பற்றியது. ராவுத்தர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எஞ்சின் குடிக்குமா?"

"குடிக்கும் மொதலாளி."

குடித்தது. பெட்ரோலில் இருந்த பலத்தில் பாதிதான். ஆனால் ஓடியது. ரங்கசாமிக்குத்தான் மனசு ஆறவில்லை. "கார் ஓட்டத்தானுங்க சம்பளத்துக்கு வந்தேன். இவன் அடுப்பூத வெச்சுட்டான்" என்று ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொன்னான். சந்தைக்குப் போன ஒரு அம்மா இறங்கும்போது, "ஏனுங்க, அடுத்த வாட்டி அரிசி கொண்டாரட்டுங்களா? போறதுக்குள்ள பொறத்தால சோறு வெந்துருமுங்க" என்று கேட்டது. சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஏறினார்கள். எனக்கு அது போதும்.

கீழ்நாட்டுக் கரி பொடியாக வந்தது. மண் கலந்திருந்தது. நான்தான் ராவுத்தரிடம் சொன்னேன், மலைக் கரிக்கு மாறலாம், பெரக்கரை நாட்டில் என் தாய்மாமன் சடையன் விறகை அடுக்கி மண் மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறார், அவர் கரியைத் தட்டினால் வெண்கலம் மாதிரி ஒலிக்கும் என்று. மாமன் ஆட்கள் தலைச்சுமையாக இறக்கிக் கொடுத்தார்கள். முதல் சுமைக் கரியில் கார் மான் மாதிரி ஓடியது. ரங்கசாமியே வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த சுமையில் ஆரம்பித்தது வினை.

பட்டறையிலிருந்து கிளம்பும்போது நன்றாகப் போகும். சேந்தமங்கலத்துக்கு முன்னால் ஏரிக்கரை மேடு ஒன்று உண்டு. அதில் பாதி ஏறுவதற்குள் எஞ்சின் மூச்சு வாங்கும், இருமும், நின்றுவிடும். இறங்கித் தள்ளுவார்கள். ஊதுவார்கள். கொஞ்சம் போகும், திரும்ப நிற்கும். ஒரு நாள் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிப் போனபோது அந்த மேட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த கட்டை வண்டியில் மாற்றி ஏற்றி அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் நலம் என்று மறுநாள் சேதி வந்தது. அதுவரைக்கும் ராவுத்தர் சாப்பிடவில்லை.

சேதி வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"வெள்ளையா, சேலத்துக்காரங்க கம்பெனி அடுப்பு ஒண்ணு வெச்சிருக்காங்க. வர்ற சந்தைக்குள்ள உன்னுது சரியாகலைன்னா அதை வாங்கி மாட்டிடுவேன். உன் டிரம்மை எடைக்குப் போட்டுடலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மிளகு விலை சொல்கிற மாதிரி சொன்னார். நான் கையால் செய்த அடுப்பு பழைய இரும்புக்குப் போவது என்றால், மலையிலிருந்து வந்தவனுக்கு மூட்டை தூக்கத்தான் தெரியும் என்று ஊர் பேசும். அதை நான் விடுவேனா.

அடுப்பு மூடியைத் திறந்தேன். சல்லடைத் தட்டின்மேல் கண்ணாடியை உருக்கி ஊற்றினதுபோல் கெட்டியாகக் கிட்டம் கட்டியிருந்தது. காற்று போக வழி இல்லை. உளி வைத்து உடைத்து எடுத்தேன். மறுநாளும் அதே கதை. எங்காவது காற்றுக் கசிந்து சூடு ஏறுகிறதோ என்று ஊதுவத்தி ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் புகையைக் காட்டினேன். எங்கும் புகை உள்ளே இழுபடவில்லை. சல்லடையை மாற்றினேன். கரியைச் சலித்தேன், வெயிலில் காயப்போட்டேன். ரங்கசாமி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, "கரிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிப் பாரேன்" என்றான். வால்வைக் கழற்றினால் உட்காருகிற இடம் அரித்துப்போயிருந்தது. பெட்ரோலில் ஓடின எந்தக் காலத்திலும் அப்படி அரித்ததில்லை.

அப்போதுதான் எனக்கு ராவுத்தர் சட்டம் நினைவுக்கு வந்தது. எடுத்த எடுப்பில் மூடியைத் திறந்துவிட்டேன். சுற்றி வரவே இல்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, காரைக் கழுவித் துடைத்து, சுற்றி வந்தேன். காது கொடுத்தேன். மோந்து பார்த்தேன். வாயு ஆறுகிற குழாயின் முனையில் விரலை விட்டுத் தடவினேன். வழக்கமாகக் கறுப்பாகப் புகைத்தூள் வரும். அன்று விரலில் வெள்ளையாக ஒட்டியது, மாவு மாதிரி. எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்க்கச் சொன்னாரே தவிர, நாக்கில் வைத்துப் பார்க்க ராவுத்தர் சொன்னதில்லை. நான் வைத்தேன்.

உப்பு.

நேராக அவரிடம் போனேன். "மொதலாளி, கோளாறு கரியில இருக்குது. கரியில உப்பு இருக்குது. உப்புதான் சாம்பலை உருக்கிக் கிட்டமாக்குது, வால்வை அரிக்குது. தொறக்காமச் சொல்றேன்."

விரலை நீட்டினேன். அவரும் அதைத் தொட்டு நாக்கில் வைத்தார். வெள்ளைச் சட்டைக்காரர் கரிக்குழாய்த் தூளை நாக்கில் வைத்ததை நான் என் வாழ்நாளில் வாங்கின பெரிய பரிசாக நினைக்கிறேன்.

"மலையில ஏதுடா உப்பு? நம்ம கடையிலதானே வாங்கிச் சொமந்துட்டுப் போறாங்க?"

"அதான் எனக்கும் புரியலீங்க. போய்க் கேட்டுட்டு வாரேன்."

பெரக்கரை நாட்டுக்கு ஏறினேன். மாமன் சடையன் அன்றைக்குத்தான் ஒரு மூட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை.

"வா கண்ணு, வா சாமி. காரு நல்லா ஓடுதா? நம்ம கரி மோட்டாரு ஓட்டுதுன்னு நாடு முழுக்க இதே பேச்சு. ஒவ்வொருத்தரும் வந்து மூட்டத்தைப் பாத்துட்டுப் போறாங்க. பாக்கற கண்ணெல்லாம் நல்ல கண்ணா இருக்குமா?"

சொல்லிக்கொண்டே மடியிலிருந்து கல் உப்பை அள்ளினார். மூட்டத்தைச் சுற்றி வந்து, தணலில் வீசினார். படபடவென்று வெடித்தது. மாமன் பானையில் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை வேப்பிலையால் கரி முழுக்கத் தெளித்து, தணலை அணைத்தார். ஒரு துண்டு விடாமல் தெளித்தார்.

நனைந்த கரித்துண்டு ஒன்றை எடுத்துக் காட்டிக் கேட்டேன்.

"மாமா, இது எப்பவும் செய்யறதுதானுங்களா?"

"எப்பவும் ஒரு கை உப்பு சுத்திப் போடுவோம் மாப்ளே. தண்ணி தெளிக்கறது உன் காருக்காவத்தான். மூட்டத்துக்குப் பட்ட கண்ணு கரியில ஏறி, உன் வண்டிக்கு வந்துரக் கூடாதில்ல? மொதச் சொமை எறக்கின பொறவுதான் ஊரு பேச ஆரம்பிச்சுது. அதுலருந்து தெளிக்கறோம்."

உப்பு அன்றைக்கு மலையில் சாதாரணப் பொருள் இல்லை. தலையில் சுமந்து ஏற்ற வேண்டும். தங்கள் சோற்றில் குறைத்துக்கொண்டு என் காருக்கு உப்புப் போட்டிருக்கிறார்கள். அதுதான் என் காரை நிறுத்தியிருக்கிறது. இதை எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். உப்பு நெருப்பில் உருகி அடுப்பை அடைக்கிறது, சந்தைக்குள் சரியாகவில்லை என்றால் என் அடுப்பு எடைக்குப் போகும் என்றேன்.

மாமன் முகம் சுருங்கியது. "அப்படின்னா உப்புப் போட வேண்டாங்கறியா?"

அத்தை விடவில்லை. "போடாம குடுத்து நாளைக்கு வண்டி எங்கியாவது குப்புற விழுந்தா? வேண்டாம் சாமி. உப்பு வெடிச்சாத்தான் கண்ணு கழிஞ்சுதுன்னு அர்த்தம். வெடிக்காத கரியை நான் எறக்க மாட்டேன்."

"ஆத்துல கரைச்சா ஆகாதுங்களா அத்தை?"

"ஆத்துல போட்டா எங்க வெடிக்கும்?"

நியாயம்தான். உப்பு தண்ணீரில் வெடிக்காது. அங்கேயே தணலைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். கண் படுவது கரி மீதா? ஊரார் பேசுவது எதைப் பற்றி? காரைப் பற்றித்தானே.

"அத்தை, சந்தைக்குக் கீழ வாங்க. உப்பை எடுத்துக்கிட்டு வாங்க. மூட்டத்துக்குச் சுத்தாம, காருக்கே சுத்துங்க. பட்டறைக்குப் பக்கத்துல கொல்லன் உலை எரியுது. அதுல போடுங்க. எத்தனை வெடிக்கணுமோ வெடிக்கட்டும்."

அத்தை மாமனைப் பார்த்தார். மாமன் சிரித்தார். "கண்ணு பட்ட எடத்துலயே கழிக்கறதுன்னா அது இன்னும் நல்லதுதான்."

அந்தச் சுமைக் கரியை அத்தனையும் ஓடைத் தண்ணீரில் அலசிக் காயவைத்தோம். அடுத்த மூட்டத்தைத் தண்ணீரே காட்டாமல், மண் போட்டு மூடி அணைத்தார் மாமன்.

சந்தை நாளில் மாமனும் அத்தையும் கரியோடு இறங்கி வந்தார்கள். அவர்களோடு நாட்டுக்காரர்களும் ஒரு கூட்டம், காரைப் பார்க்க. ராவுத்தரிடம் விஷயத்தைச் சொன்னேன். தொழுகை தவறாதவர், இதற்கு என்ன சொல்வாரோ என்று எனக்கு யோசனையாக இருந்தது. அத்தையைப் பார்த்தார், மடியிலிருந்த உப்பைப் பார்த்தார்.

"வெளிய வெடிச்சா சரிம்மா. உள்ள வெடிக்க விட்டுடாதீங்க."

அத்தை காரைச் சுற்றி வந்தார். ரங்கசாமி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தபடி, "எனக்கும் சேத்துச் சுத்துங்க, என்மேலதான் எல்லாரும் கண்ணு வெக்கறாங்க" என்றான். "உன் மூஞ்சிக்கு எவன் சாமி கண்ணு வெப்பான்?" என்றார் அத்தை. உலையில் உப்பு வெடித்த சத்தத்தில் சந்தைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அரித்த வால்வுகளை நான் ஏற்கெனவே தேய்த்து உட்கார வைத்திருந்தேன். அலசிக் காய்ந்த கரியைக் கொட்டி, ஊதி, கிளப்பினோம். ராவுத்தர் பின் சீட்டில் ஏறினார். மாமனையும் அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் முன்னால். கார் நிறைந்துவிட்டது. அதுவும் நல்லதுதான், பாரம் இல்லாமல் ஏறினால் அது சோதனையே இல்லை.

ஏரிக்கரை மேடு வந்தது. ரங்கசாமி கியரைக் குறைத்தான். ராவுத்தர் கண்ணை மூடிக் காது கொடுத்தார். எஞ்சின் குரல் கனத்தது, ஆனால் உடையவில்லை. வழக்கமாக நிற்கிற புளியமரம் வந்தது, போனது. மேட்டின் உச்சியில் ரங்கசாமி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கியரை ஏற்றினான்.

நாமக்கல் போய், வெயில் தாழத் திரும்பி வந்தோம். ஒரு இடத்தில் நிற்கவில்லை. பட்டறையில் மூடியைத் திறந்தபோது சல்லடையில் சாம்பல் பூப்போலக் கிடந்தது. குச்சியால் தட்டினதும் உதிர்ந்தது. ராவுத்தர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சேலத்துக்குச் சொல்லி விட்டுடு. அடுப்பு வேண்டாம். டயர் இருந்தா அனுப்பச் சொல்லு."

அவர் யாரையும் பாராட்டினதில்லை. அன்றைக்கு அப்படிச் சொன்னார். அது எனக்குப் பாராட்டாகவே கேட்டது. சண்டை முடிந்து பெட்ரோல் திரும்ப வருகிறவரைக்கும் அந்த டிரம் ஓடியது. ராசிபுரம், சேந்தமங்கலம் ஆட்கள் வந்து அளவெடுத்துப்போய் அதே மாதிரி செய்தார்கள். மலைக் கரிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு சந்தைக்கும் அத்தை வந்து உலையில் உப்பு வெடிக்கவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் காரில் போனார்கள்.

சங்கத்துப் பிள்ளைகளே, இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். போன வருஷ மலரில், சண்டைக் காலத்தில் காதர் ராவுத்தர் சேலத்திலிருந்து கரிவாயு அடுப்பு வரவழைத்துக் காரை ஓட்டினார் என்று போட்டிருக்கிறீர்கள். யார் சொல்லி எழுதினீர்களோ தெரியாது. சேலத்திலிருந்து வந்தது டயர். ராவுத்தர் இருந்திருந்தால் அவரே அந்தப் பக்கத்தை மெதுவாகச் சாத்திவிட்டு உங்களைச் சுற்றி வரச் சொல்லியிருப்பார். காருக்குச் சொந்தக்காரர் அவர். அந்தப் பெயர் இருக்கட்டும், எடுக்கச் சொல்லவில்லை. அதன் கீழே இப்படிப் போட வேண்டும்: அடுப்பு செய்தவன் ஆலத்தூர் நாட்டு வெள்ளையன், கரி கொடுத்தவர்கள் பெரக்கரை நாட்டுச் சடையனும் அவர் மனைவி பாப்பாயியும். இந்த மலரிலேயே போட வேண்டும், முன்பக்கத்தில். இடம் போதவில்லை என்றால் நீங்கள் வாங்கிப்போன என் போட்டோவை எடுத்துவிடுங்கள். பெயர்களை எடுக்கக் கூடாது.